மக்கள் பிரதிநிதிகளின் ஊதியமும் படியும் வீடும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பள்ளித் தலைமையாசிரியரை மேடைக்கு அழைத்தால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசச் சொல்வதே வழக்கம். இம்முறை இளைஞர்கள் வேறொரு பொருளைத் தந்தனர். "சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இவ்வளவு சம்பளம், இவ்வளவு படி, இருக்க வீடு, பிறகு ஓய்வூதியம், இவையெல்லாம் ஏன்? இதைப் பற்றிப் பேசுங்கள்" என்றனர். பொதட்டூர்பேட்டைக் கடைத்தெருவில் தேநீர் அருந்தும் எவரும் இக்கேள்வியைக் கேட்டிருப்பர். நம் காலனியிலும் அது ஒலிக்கிறது. கேட்பவர் தறி ஓட்டுகிறவராகவோ, விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளராகவோ இருக்கும்போது, அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. எனவே இவ்வுரையில் கட்சியின் பெயர் எதுவும் வாராது. இதில் இழப்பு ஒன்றும் இல்லை. இப்பொருளில் எல்லாக் கட்சிகளின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றே.

"அரசியல் சேவைதானே, அதற்குச் சம்பளம் எதற்கு?" என்ற சொல்லை நம் மக்களும் எடுத்துச் சொல்வது நமக்கு வருத்தம் தருகிறது. அச்சொல் பிறந்த இடம் வேறு. 1838இல் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் சாசன இயக்கம் கண்டபோது வைத்த ஆறு கோரிக்கைகளுள் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்க்கு ஊதியம் வேண்டும் என்பதாகும். நிலக்கிழாருக்கு ஊதியம் தேவைப்படவில்லை. அவருடைய குத்தகைதாரர்கள் அவருக்கு உழைத்துப் போட்டனர். சுரங்கத் தொழிலாளி மன்றத்தில் அமர்ந்தால் அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அக்கோரிக்கை நிறைவேற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என்று ஊதியம் வகுத்தனர். ஆக, ஊதியம் என்பது ஏழை மன்றத்துள் நுழைவதற்குப் போராடித் திறந்த கதவு. ஊதியமே கூடாது என்பார், தாம் அறிந்தோ அறியாமலோ, அக்கதவை மீண்டும் சாத்தச் சொல்கின்றனர்.

1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தின்படிச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம் மக்களுக்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இடத்தை ஒதுக்கிவிட்டு, அதில் அமர்பவன் பிழைக்க வழி செய்யாவிடின் அந்த இடம் எவருடைய கைக்குள் அடங்கும்? பணம் கொடுத்து அனுப்புகிறவர் கைக்குள்தான். இதனை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அமைச்சர் சம்பள மசோதா வந்தது. அரசு ஊழியத்துக்குப் பொதுவாக 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் கூடாது என்று 1931இல் கராச்சியில் செய்யப்பட்டிருந்த தீர்மானத்தை ஒட்டி, அமைச்சர்க்கு மாதம் 500 ரூபாய் என வகுத்தனர். வீட்டுக்கும் மோட்டார் வண்டிக்கும் தனியே ஏற்பாடு. அந்தத் தியாகத்தைக் கண்டு நாடே கைதட்டிய வேளையில், அண்ணல் எழுந்து அம்மசோதாவைக் கடுமையாக ஆராய்ந்தார். சமூக நிலைமை, திறமை, மக்களாட்சி, நிருவாகத்தின் நேர்மையும் தூய்மையும் ஆகிய நான்கையும் எண்ணியே ஊதியத்தை வகுக்க வேண்டும் என்பது அவர் வாதம். இந்நான்கனுள் மூன்றாவதும் நான்காவதும் நம்மை நேரே தொடுவன. ஊதியம் மிகக் குறைந்தால் செல்வர் மட்டுமே பதவிக்கு வருவர். செல்வர் அல்லாதார் வந்தால் வேறு வழியில் பணம் தேட வேண்டிவரும்.

இதன் மறுபக்கத்தையும் நம்மவர் ஒருவரே காட்டினார். உதகையைச் சேர்ந்த வி.ஐ. முனுசாமிப் பிள்ளை 1937ஆம் ஆண்டுச் சென்னை அமைச்சரவையில் அமர்ந்தவர். பின்னர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். 1949இல், உறுப்பினர்களின் நாட்படியை 45 ரூபாயிலிருந்து 40 ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று அவர் சபையில் முன்மொழிந்தார். நாட்டின் பொருளாதார நிலையே அதற்கு அவர் காட்டிய காரணம். தமக்கு வருவதைக் குறைக்கச் சொன்னவர் பெருஞ்செல்வர் அல்லர், ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதி என்பதைப் பாடப்புத்தகங்கள் நமக்குச் சொல்லவில்லை. ஊதியம் வேண்டும் என்பது ஓர் உண்மை. அது நாட்டின் நிலையோடு பொருந்த வேண்டும் என்பது மற்றோர் உண்மை. அவ்விரண்டையும் நம் முன்னோர் நமக்காகச் சொல்லிச் சென்றுள்ளனர்.

இவ்விடத்தில் கக்கன் அவர்களை நினையாமல் செல்ல இயலாது. மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிற் பிறந்து, 1957 முதல் 1967 வரை பத்தாண்டுகள் இம்மாநிலத்தின் அமைச்சராக விளங்கி, பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை ஆகியவற்றை ஆண்டவர். 1967இல் தோற்றபின் வாடகை வீட்டில் வாழ்ந்தார். நகரப் பேருந்தில் நின்று பயணம் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் பொது நோயாளிகளுள் ஒருவராகக் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதனை அறிந்து கலங்கி, அவருக்கு உதவி செய்தார் என்பது நாடறிந்த செய்தி. 1981இல் கக்கன் மறைந்தார். ஆண்டுதோறும் மேடைகளில் இக்கதை சொல்லப்படுகிறது. கேட்போர் கண் கலங்குகின்றனர். எமக்கோ அதனைக் கேட்கும்போதெல்லாம் கண்ணீரோடு ஒரு சினமும் எழும். அவருடைய நேர்மை அவருக்குப் பெருமை. ஆனால் பத்தாண்டு அமைச்சராயிருந்தவர் முதுமையில் மருந்துக்கும் இருப்பிடத்துக்கும் ஒருவர் தற்செயலாகக் காணும்வரை காத்திருக்க நேர்ந்தது இந்நாட்டுக்கு என்ன பெருமை? நேர்மையாளன் வறுமையில் வாட வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாடு, நேர்மையற்றவனைத்தான் மறுமுறை பெறும். ஆகவே ஓய்வூதியமே கூடாது என்ற வாதத்தையும் நாம் ஏற்கவில்லை.

ஊதியமும் ஓய்வூதியமும் வேண்டும் என்றால், குறை எங்கே உள்ளது? அவை வகுக்கப்படும் முறையிலும், படி என்ற பெயரிலும், கணக்கில்லாமையிலும் உள்ளது.

2017 ஜூலையில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் மாத வரவு 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஜூலைத் திங்களில் தமிழக உழவர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்தனர். அதற்கான சட்டத் திருத்தம் 2018 சனவரியில் நிறைவேறியது. அந்தச் சனவரியிலேயே அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர் தங்கள் நிலுவைக்காக வேலைநிறுத்தம் செய்தனர், பேருந்துக் கட்டணமும் உயர்ந்தது. காலத்தின் பொருத்தம் அவ்வளவு அழகு! ஆனால் நாம் ஆராய வேண்டியது அந்த 1,05,000 ரூபாயின் உள்ளுறுப்புகளை. அதில் ஊதியம் என்று பெயர் பெற்றது 30,000 ரூபாயே. தொகுதிப்படி 25,000. வாகனப்படி 25,000. ஈட்டுப்படி 10,000. தொலைபேசிப்படி 7,500. தொகுப்புப்படி 5,000. அஞ்சற்படி 2,500. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். ஏழு பங்கில் இரண்டு பங்கே ஊதியம். மற்ற ஐந்து பங்கும் படி.

இவ்வாறு ஏன் பிரிக்க வேண்டும்? படி என்பது செலவுக்கு ஈடு. செலவு செய்தால்தான் ஈடு. எம்மைப் போன்ற ஆசிரியர் பயிற்சிக்காகத் திருவள்ளூருக்குச் சென்று வந்தால், வருகைச் சான்றும் உரிய படிவமும் வைத்துப் பயணப்படிப் பட்டியல் அளிக்க வேண்டும். அதில் ஒரு தேதி பிசகினால் பட்டியல் திரும்பி வரும். மறுமுறை அனுப்பினால் நிதியாண்டு முடிந்திருக்கும். (அந்தத் துயரை இங்கு அமர்ந்துள்ள ஆசிரியப் பெருமக்கள் அறிவார்கள்.) ஆனால் உறுப்பினரின் வாகனப்படிக்கு ஓடிய தொலைவை எவரும் கேட்பதில்லை. அஞ்சற்படிக்கு அஞ்சல் வில்லையைக் காட்ட வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் முழுத்தொகை. அவ்வாறாயின் அது படியன்று, வேறு பெயர் பூண்ட ஊதியம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 10(17)ஆம் பிரிவில் நாட்படிக்கும் தொகுதிப்படிக்கும் வரிவிலக்கு அளித்தது என்பதை இதனோடு சேர்த்து நோக்கினால், பெயர் மாற்றத்தின் பயன் விளங்கும்.

இரண்டாவது குறை, தமக்குரியதைத் தாமே வகுத்துக்கொள்ளுதல். அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கும், 195ஆம் பிரிவு சட்டமன்றங்களுக்கும் அவ்வதிகாரத்தை அளிக்கின்றன. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாதம் 400 ரூபாய் ஊதியமும் நாளொன்றுக்கு 21 ரூபாய் படியும் இருந்தன. 2010இல் ஊதியம் 50,000. 2018இல் ஓர் இலட்சம். 2018இல் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. ஒவ்வொரு முறையும் தாமே வாக்களித்து உயர்த்திக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, ஐந்தாண்டுக்கொரு முறை விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் தானாக உயரும்படி செய்தனர். அதன்படி 2025 மார்ச்சில் வெளியான அறிவிப்பில், 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு ஊதியம் 1,24,000 ரூபாயாகவும், நாட்படி 2,500 ரூபாயாகவும், குறைந்த அளவு ஓய்வூதியம் 31,000 ரூபாயாகவும் ஆயின. கூச்சல் இல்லாமல் நடந்தது நன்று. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. விலைவாசியோடு உயரும் உரிமை மன்றத்தில் இருப்பவர்க்கு உண்டு. முதியோர் உதவித்தொகை வாங்கும் நம் காலனிப் பாட்டிமார்க்கு அது ஏன் இல்லை? இக்கேள்வியை மன்றத்தில் கேட்கத்தானே பிரதிநிதி!

வீட்டைப் பற்றிச் சொல்வோம். தொலைவூரிலிருந்து தலைநகர் வருபவருக்குத் தங்குமிடம் தேவை. திருத்தணியிலிருந்தோ பள்ளிப்பட்டிலிருந்தோ வரும் உறுப்பினர் இரவு மன்றம் முடிந்து பேருந்து நிலையத்திலா படுப்பார்? இதற்காகவே சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உறுப்பினர் விடுதி இருக்கிறது. தில்லியில் உறுப்பினர்க்கென 184 புதிய அடுக்குமனைகள் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. பதவியோடு வரும் வீட்டை நாம் குறைகூறவில்லை. அது பதவியோடு போகவும் வேண்டும் என்கிறோம். உத்தரப் பிரதேசத்தில் முன்னாள் முதலமைச்சர்கள் வாழ்நாள் முழுதும் அரசு மாளிகையில் குடியிருக்கலாம் என்று சட்டமே செய்தனர். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. பதவி நீங்கியோர் பிற குடிமக்களைப் போன்றவரே என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசுக் குடியிருப்பில் வாழும் எழுத்தருக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது. ஓய்வு பெற்றால் குறித்த காலத்துள் காலி செய்ய வேண்டும். எழுத்தருக்கு அமைந்த நெறி மாளிகைக்கும் அமைதல் வேண்டும்.

வீட்டுப்படி எவ்வளவு தூரம் கெடும் என்பதற்கு உலகறிந்த சான்று 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது. தொகுதியில் ஒரு வீடும் இலண்டனில் ஒரு வீடும் வைத்திருக்க நேர்வதால், இரண்டாம் வீட்டுக்கு என்று உறுப்பினர்க்குப் படி தந்தனர். நோக்கம் நியாயமானதே. அதிற் பல உறுப்பினர் எது முதல் வீடு, எது இரண்டாம் வீடு என்பதை வசதிக்கேற்ப மாற்றி மாற்றி அறிவித்து, இரண்டையும் பொதுப்பணத்தில் செப்பனிட்டனர். ஒருவர் தம் குளத்தில் வாத்துகள் தங்க 1,645 பவுனில் செய்த மரவீட்டுக்கும் பணம் கேட்டிருந்தார். (அந்தக் கோரிக்கையை அலுவலகம் மறுத்துவிட்டது, வாத்து வீடு மட்டும் உலகப்புகழ் பெற்றது.) இவையெல்லாம் எவ்வாறு வெளிவந்தன? ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளரும் பிறரும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விவரம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினர். நாடாளுமன்றம் மறுத்தது, வழக்கும் ஆடியது. இறுதியில் டெய்லி டெலிகிராப் நாளேட்டின் கையில் முழுக்கணக்கும் சிக்கியது. அவைத் தலைவர் மைக்கேல் மார்ட்டின் பதவி துறந்தார். பொய்க்கணக்குக் காட்டிய சிலர் சிறை சென்றனர். அதன்பின் உறுப்பினரின் செலவை உறுப்பினரே தீர்மானிக்கும் முறை ஒழிந்து, தனித்து இயங்கும் ஆணையம் ஒன்று அமைந்தது. வீட்டுக்கடனின் வட்டிக்குப் பணம் தருவது நின்றது. வாடகைக்கே தருவர் என்றாயிற்று. ஒவ்வொரு கோரிக்கையும் மக்கள் பார்வைக்கு வருகிறது. அந்நாட்டு உறுப்பினர் இன்று ஏழையாகிவிடவில்லை. கணக்குக் காட்டுபவராயினர், அவ்வளவே.

நம் நாட்டிலும் மாற்றம் வாராமல் இல்லை. பஞ்சாபில் ஒருவர் எத்தனை முறை உறுப்பினராயிருந்தாலும் ஓர் ஓய்வூதியமே என்று 2022இல் சட்டம் திருத்தினர். அதற்கு முன் ஒவ்வொரு முறைக்கும் தொகை கூடிக்கொண்டே போயிற்று. கொரோனாக் காலத்தில் 2020இல் நாடாளுமன்ற உறுப்பினரின் ஊதியம் ஓராண்டுக்கு 30 விழுக்காடு குறைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

இனி, நம் ஊருக்கு வருவோம். உண்மையில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதி இதுதான். கோட்டையில் இருப்பவர்க்கு மிகுதி என்று வாதிடும் நாம், தெருவில் இருப்பவர்க்கு எவ்வளவு என்று கேட்டோமா? நம் பொதட்டூர்பேட்டை பேரூராட்சி. பேரூராட்சி மன்ற உறுப்பினருக்கு 2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய், தலைவருக்கு 10,000, துணைத்தலைவருக்கு 5,000. கிராம ஊராட்சித் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்தது 2022இல் 2,000 ஆக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினரின் தொலைபேசிப்படியில் மூன்று பேரூராட்சி உறுப்பினர்களுக்கு மதிப்பூதியம் தந்துவிடலாம்!

எம்மிடம் பயின்ற ஒருவர் அருகிலுள்ள சிற்றூரில் வார்டு உறுப்பினராக இருந்தார். கட்டட வேலை செய்பவர். கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்பார்கள். கையெழுத்து வாங்கப் பிற்பகல் ஆகும். அன்றைய கூலி போயிற்று. குழாய் உடைந்தால் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவர். வட்டார அலுவலகத்துக்கு இவர்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டாம் ஆண்டில் கூட்டத்துக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். பதிவேடு வீடு தேடி வந்தது, கையெழுத்துப் போட்டார். எதில் போட்டார் என்பது அவருக்கே தெரியாது. அவர் நாணயமானவர், ஒரு ரூபாய் தொட்டவரல்லர். ஆயினும் நம் தெருவுக்கு வந்திருக்க வேண்டிய சாக்கடை வரவில்லை. இடஒதுக்கீடு கொடுத்த நாற்காலியை வறுமை இவ்வாறு மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

வறுமை மட்டுமன்று. 2020 ஆகஸ்டு 15 அன்று நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டாரம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தேசியக் கொடி ஏற்றத் தடுக்கப்பட்டார். பின்னர் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டதை நம் இளைஞர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்கு வாகனப்படியும் இல்லை, விடுதி அறையும் இல்லை. அரசியல்வாதியின் சலுகையைப் பற்றிப் பேசும்போது எல்லா அரசியல்வாதியையும் ஒரே தராசில் நிறுத்துவது எவ்வளவு பிழை என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

ஆகவே நம் கருத்து இது. மேலே உள்ளவர்க்குப் படிகளையெல்லாம் ஊதியத்தோடு சேர்த்து ஒரே தொகையாக்கி வெளிப்படையாகத் தருக. அதற்கு எல்லாரையும் போல வரியும் கட்டட்டும். பயணத்துக்கும் அலுவலகத்துக்கும் பட்டியல் வைத்துப் பெறுக. அப்பட்டியல் மன்றத்தின் இணையதளத்தில் வெளிவருக. தொகையை வகுப்பது மன்றமன்று, தனி ஆணையம். அதில் ஓய்வு பெற்ற நீதிபதியும் தணிக்கை அலுவலரும் இருப்பதுபோலவே குறைந்தபட்சக் கூலி வாங்கும் தொழிலாளி ஒருவரும் இருத்தல் வேண்டும். இதனைக் கேட்டுச் சிலர் நகைப்பர்; நகைக்கட்டும். கீழே உள்ளவர்க்கு, கூட்டத்துக்கு வரும் நாளுக்கேனும் அன்றைய கூலி இழப்பு முழுதும் கிடைக்க வேண்டும். கூட்டம் மாலையில் நடக்கலாமே, அதற்குப் பணமும் தேவையில்லை.

இளைஞர் சிலர், தொகுதி மேம்பாட்டு நிதியையும் உறுப்பினர் பெறும் வரவாகவே எண்ணுகின்றனர். அது தவறு. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி என்பவை அவர் கையில் தரப்படுவன அல்ல. உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பார். மாவட்ட நிருவாகம் நிறைவேற்றும். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் செல்ல வேண்டும் என்பது நெறிமுறை. நாம் அரக்கோணம் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறோம். அப்பதினைந்து விழுக்காட்டில் பள்ளிப்பட்டு வட்டத்துக் காலனிகளுக்கு வந்தது எவ்வளவு, என்ன பணி, எந்தத் தெரு என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா?

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவஞ்சலில் அனுப்பலாம். 30 நாளில் விடை தர வேண்டும்; தராவிடின் மேல்முறையீடு. மாதிரி மனு ஒன்றை எழுதிச் சங்கத்துப் படிப்பகத்தில், வாசலை அடுத்த அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். கேட்க வேண்டியவை மூன்று: பேரூராட்சி மன்றக் கூட்டங்களின் நாளும் தீர்மானங்களும், நம் வார்டுகளில் கடந்த மூன்றாண்டில் நடந்த பணிகளும் தொகையும், நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் மேற்சொன்ன பதினைந்து விழுக்காட்டின் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எம் பழைய மாணவியர் இருவர், எழுதத் தயங்கும் பெரியோர்க்கு மனு எழுதித் தர இசைந்துள்ளனர். ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் அவர்கள் அங்கிருப்பார்கள். வில்லைக்குரிய பத்து ரூபாயை மட்டும் கொண்டு வாருங்கள்.